மூணு தடவை மீட்டர் வைத்தவன்

கரண்ட் வேலை பார்க்கிறவனுக்கு எந்த வியாதி வேணும்னாலும் இருக்கலாம், கனவு காணுற வியாதி மட்டும் இருக்கக் கூடாது. எனக்கு அதுதான் இருந்தது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி சிகரெட் கிடையாது. ஆனால் வேலைக்கு நடுவில் ஒரு கொக்கு பறந்தால் போதும், அது கூடவே நானும் போயிருவேன். மதுரையிலும் சுத்துப்பட்டிலும் இருபது வருஷம் மல்டிமீட்டரும் கையுமாக அலைஞ்சவன் நான். சட்டைப் பையில் டெஸ்டர், தோள்பையில் மீட்டர், வண்டிப் பெட்டியில் வயர்ச் சுருள் என்று திரியும் தோழர்களே, இதெல்லாம் உங்களுக்குப் புதுசா என்ன? படிச்சிட்டு ஒரு பெருமூச்சு விடுங்க, அது போதும்.

விமானம் இறங்கிய நேரம்

அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறை. ஓனர் முருகேசனுக்கு என் வயசுதான், ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு சின்ன மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு பார்க்க, மீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் ஓட்டையில் மாத்திச் சொருகினேன். பார்த்தேன், சரியாக இருந்தது. அடுத்து பிளக்கில் வோல்டேஜ் பார்க்கணும். அதுக்கு முன்னாடி சிவப்பு வயரைப் பிடுங்கிப் பழைய ஓட்டையில் போடணும். ஐடிஐ-யில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம் இது.

அந்த நேரம் பார்த்து தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்குச்சு. அம்புட்டுத் தாழ்வாக வந்தது. சக்கரங்கள் மெதுவாக வெளியே வருது. உள்ளே இருக்கிறவங்க எல்லாரும் ஜன்னல் வழியாகக் கண்மாயைப் பார்த்துக்கிட்டு வருவாங்க, யாரோ ஒரு குழந்தை அம்மா மடியில் இருந்து எட்டிப் பார்க்கும், அதுக்கு இந்தத் தகரக் கூரை ஒரு தீப்பெட்டி மாதிரி தெரியும்... இப்படி யோசிச்சுக்கிட்டே, நடுவில் இருக்கிற திருகை மட்டும் வோல்டேஜுக்குத் திருப்பி, பிளக்கில் ரெண்டு முனையையும் சொருகிட்டேன். ஆம்பியர் ஓட்டை வழியாகப் போனால் கரண்டுக்குத் தடையே கிடையாது, நேரா ஷார்ட். விலை மலிவுன்னு வாங்கின மீட்டர், உள்ளே பியூஸே இல்லை. கையிலேயே வெடிச்சு, வலது கையில் ரெண்டு விரல் வெந்து போச்சு. முருகேசன் ஓடிவந்து மெயினை அணைச்சார். கையில் தண்ணி ஊத்தினார். நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்ச பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்துட்டுச் சொன்னார்: "பிளேன் பத்திரமா இறங்கிருச்சுண்ணே. இனி நீங்க இறங்குங்க."

செல்வி படித்த புத்தகம்

என் மனைவி செல்வி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்குப் போனதும் அழுதாள், திட்டினாள், ரெண்டு நாள் பேசவே இல்லை. மூணாம் நாள் அவளே கூட வந்து நல்ல மீட்டராக ஒண்ணு எடுத்துக் கொடுத்தாள். பெட்டிக்குள் ஒரு குட்டிப் புத்தகம் வருமே, அதை நம்மில் எவன் படிச்சிருக்கான்? அவள் படிச்சாள். பரீட்சைப் பேப்பர் திருத்துறவள், பென்சிலால் கோடு போட்டே படிச்சாள்.

அதிலிருந்து எனக்கு ஒரு சட்டம் வந்துச்சு. ஒரு வயரில் கரண்ட் இல்லைன்னு நம்பிக் கை வைக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவை மீட்டர் வைக்கணும். முதலில், கரண்ட் இருக்குன்னு நிச்சயமாகத் தெரிஞ்ச ஒரு இடத்தில். ரெண்டாவது, கை வைக்கப் போற வயரில். மூணாவது, திரும்பவும் அந்தத் தெரிஞ்ச இடத்தில். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் உயிருள்ள வயரிலும் சைபர்தான் காட்டும், அதைக் கண்டுபிடிக்கத்தான் மூணாவது. எனக்கு இந்த வேலை உசிரு. இருட்டிக் கிடந்த வீட்டில் பொசுக்குன்னு வெளிச்சம் வரும்போது அங்கே இருக்கிறவங்க முகத்தைப் பார்க்கணும், அதுக்காகவே இன்னொரு இருபது வருஷம் அலையலாம். அதைத் தெரிஞ்சுதான் செல்வி சரியான இடத்தில் பிடிச்சாள்: "மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் அன்னைக்கே வந்து உண்மையச் சொல்லணும், மறுநாளே எங்கண்ணன் பாத்திரக் கடையில போய் உக்காந்துரணும்."

தொட்டால் ஓடும் பேய்

செல்லூரில் ஒரு தறிக்கூடம். பன்னிரண்டு பவர்லூம் ஒண்ணா ஓடுற சத்தம் இருக்கே, முதல் பத்து நிமிஷம் காது வலிக்கும், அப்புறம் தாலாட்டு. நீலக் கட்டம் போட்ட லுங்கி துளித்துளியாக நீண்டு வர்றதைப் பார்த்துக்கிட்டே நின்னால் பொழுது போறது தெரியாது. புதுசாக ஒரு விளக்குப் போட, குழாய்க்குள் சும்மா கிடந்த ஒரு பழைய வயரை எடுத்தேன். ரெண்டு பக்கமும் வெட்டி விட்ட வயர், எதோடும் சேரவில்லை. சட்டப்படி மூணு தடவை மீட்டர் வச்சேன். செத்த வயரில் எழுபது வோல்ட் காட்டுச்சு.

தறி ஓட்டுற ஜெயராமன் எட்டிப் பார்த்துட்டு நாலடி பின்னாடி போயிட்டார். நான் அவருக்கு விளக்கினேன். பக்கத்திலேயே ஓடுற வயர்களோட சாயல் இதில் விழுது, நல்ல மீட்டர் என்கிறதால் அந்தச் சாயலைக் கூடக் காட்டுது, அதில் சத்து கிடையாது. நிரூபிக்க, அந்த வயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்தேன். பல்பு எரியலை, மீட்டரும் சைபருக்கு இறங்கிருச்சு. பல்பை எடுத்தால் மறுபடி எழுபது. இதை நாலு தடவை செஞ்சு காட்டியும் அவர் முகம் தெளியலை. கடைசியில் தறியை நிறுத்தாமலே சொன்னார்: "ஆள் வந்தா ஓடுது, ஆள் போனா வருது. எங்க ஊர்ல இதுக்குப் பேர் பேய்தாண்ணே."

மணை

நம்ம தொழிலில் ரப்பர் செருப்பு போட்டுத்தான் நிக்கணும். நம்ம ஊரிலோ செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போகணும். இந்த ரெண்டுக்கும் நடுவில் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்னு செத்துப் பிழைச்சவங்க நம்மில் எத்தனை பேர்! கோயில் குருக்கள் ஒருத்தர் வீட்டில் கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடிக்குதுன்னு கூப்பிட்டாங்க. சமையலறைத் தரையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தாங்க. போதாக்குறைக்கு இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கிட்டு நான் வேலை பார்ப்பேன். ஒரு கையில் ஏறுற கரண்ட் மறு கை வழியாக இறங்கினால் நடுவில் இருக்கிற நெஞ்சு என்ன ஆகிறது? பெரியவருக்கு முன்னாடி இவன் பைக்குள் கை விட்டுக்கிட்டு நிக்கிறானேன்னு அந்த வீட்டு அம்மா முகம் சுளிச்சாங்க.

நான் மென்னு முழுங்கி விஷயத்தைச் சொன்னேன். செருப்பும் போட முடியாது, கையையும் எடுக்க மாட்டேன், என்ன செய்ய? குருக்கள் உள்ளே போய் ஒரு காய்ஞ்ச மரப் பலகையைக் கொண்டுவந்து போட்டார். ஏறி நின்னேன். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் ஊதுபத்திப் புகை சுருண்டு சுருண்டு போகுது, வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக நான் எங்கேயும் நின்னதில்லை. எர்த் வயர் அறுந்திருந்ததைக் கண்டுபிடிச்சு மாட்டிட்டு இறங்கினேன். பலகையை எடுத்துச் சுவரில் சாய்ச்சுக்கிட்டே குருக்கள் சொன்னார்: "எங்காத்து மணையில மாப்பிள்ளைக்கு அப்புறம் ஏறினது நீங்க ஒருத்தர்தான்."

கிணத்து மேடு

வாடிப்பட்டிப் பக்கம் சோலை, பாண்டியம்மா என்று புருஷன் பொண்டாட்டி. காலமெல்லாம் அடுத்தவங்க வயலில் கூலிக்கு நட்டவங்க, இப்போ சொந்தமாக ஒரு ஏக்கர். நட்டு பத்து நாள் ஆன நேரம், கிணத்து மோட்டார் நின்னு போச்சு. சோலை கிணத்துக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணியில் நின்னு மோட்டாரைக் கயித்தில் கட்டணும், மேலே இழுக்கணும். ஸ்டார்ட்டர் கெட்டுப் போனதால் அவசரத்துக்கு யாரோ மெயின் சுவிட்சிலிருந்து நேராக மோட்டாருக்கு வயர் கொடுத்திருந்தாங்க. மோட்டார் ரூமில் ஒரு பல்பு எரிஞ்சுக்கிட்டிருந்தது, அது பக்கத்திலேயே ஒரு பிளக், ரெண்டுக்கும் மெயின் சுவிட்சுக்கு முன்னாடியே தனி லைன். பிளக்கில் மீட்டர் வச்சேன், இருநூத்தி முப்பது. எதுக்கு இங்கே பார்க்கிறீங்கன்னு பாண்டியம்மா கேட்டுச்சு. செல்வியின் மூணு கணக்கைப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். அப்புறம் மெயின் சுவிட்ச் கைப்பிடியைக் கீழே இழுத்து, மோட்டார் வயரில் மீட்டர் வச்சேன். சைபர்.

நிமிர்ந்தால், கதவுக்கு வெளியே வயல். சிறுமலை மேலே மேகம் படுத்திருக்கு. இளம்பச்சை நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள், எல்லாம் ஒரே நேரத்தில் எந்திரிச்சு, ஒரு வட்டம் அடிச்சு, மறுபடி வந்து உக்காருது. எம்புட்டு நேரம் பார்த்தேனோ தெரியாது. கிணத்துப் படியிலிருந்து இறங்கவான்னு சோலை குரல் கொடுத்தார். இறங்குங்கன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன், என் வாயால்.

"அண்ணே, மூணுன்னு சொன்னீங்க. இன்னும் ரெண்டுதான ஆகிருக்கு?" என்றது பாண்டியம்மா.

சோலையை அப்படியே நிக்கச் சொல்லிட்டு பிளக்கில் மீட்டரை வச்சேன். பக்கத்தில் பல்பு ஜோராக எரியுது, மீட்டரில் சைபர். மீட்டரோட கருப்பு வயர் உள்ளுக்குள்ளே அறுந்து போயிருந்தது. சோலையை மேலே வரச் சொன்னேன். பையிலிருந்த மாத்து வயரைப் போட்டு மோட்டார் வயரில் வச்சால் இருநூத்தி முப்பது. கைப்பிடி கீழே இருக்கு, ஆனால் சுவிட்சுக்குள்ளே மூணு தகட்டில் ஒண்ணு உருகி ஒட்டிக்கிட்டு விலகவே இல்லை. பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கிட்டு, மறுபடி மூணு தடவை பார்த்த பிறகுதான் அவரை இறங்கவிட்டேன். கிளம்பும்போது பாண்டியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்கு வெட்கமாகப் போச்சு: "நாத்துக் கட்டு எண்ணி எண்ணிப் பழகுன வாயிண்ணே, சும்மா எண்ணிக்கிட்டு இருந்தேன்."

உண்மையைச் சொன்ன சாயங்காலம்

வர்ற வழியெல்லாம் மனசுக்குள் வழக்காடிக்கிட்டே வந்தேன். மூணு தடவை வச்சாச்சே, யாருக்கும் எதுவும் ஆகலையே, சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? வீட்டில் செல்வி வாசற்படியில் உக்காந்து பூக் கட்டிக்கிட்டிருந்தாள். எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, அதான் மூணு ஆயிருச்சே, கணக்கு சரியாத்தான் இருக்கு, கை கால் கழுவிட்டுச் சாப்பிட வாங்கன்னு எந்திரிச்சாள். அவளே மன்னிச்சிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கலை. மூணாவது தடவையை ஞாபகம் வச்சது நான் இல்லை, பாண்டியம்மா. அந்தம்மா அன்னைக்குக் களையெடுக்கப் போயிருந்தால், என் வார்த்தையை நம்பித்தானே சோலை தண்ணிக்குள் காலை வச்சிருப்பார்?

மறுநாள் காலையில் மீட்டரைத் துடைச்சுப் பெட்டிக்குள் வச்சேன். வெள்ளைச் சட்டை போட்டேன். வெந்த விரலைவிட, மீட்டரைப் பெட்டிக்குள் வச்சது அதிகமாக வலிச்சதுன்னு ஒத்துக்கிறேன். எங்கே கிளம்பிட்டீங்கன்னு செல்வி கேட்டாள். உங்கண்ணன் கடைக்கு என்றேன். பூச்சரம் பாதித் தலையில் நிக்க, கண்ணில் தண்ணி முட்டச் சொன்னாள்: "நான் பயமுறுத்தத்தாங்க சொன்னேன். நெசமாவே கிளம்பிருவீங்கன்னு நினைக்கவே இல்லையே."

பாத்திரக் கடையில் உக்காந்து இப்போ நிம்மதியாகக் கனவு காணுறேன், இங்கே நான் அசந்தால் விழுறது ஒரு பித்தளைக் குடம், அம்புட்டுதான்.