உட்கார்ந்தபடி அளவெடுத்த பந்தலோன்

பிரகாசம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையின் இடுப்புப் பகுதியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதன் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். விரல்களுக்கிடையில் பாதி பிளேடு. இடது கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அது கிடக்கும் இடம் அதுதான். பிளேடு ஓட ஓட, மடிப்புக்குள்ளிருந்து அகலமான எலாஸ்டிக் நாடா வெளியே தலைநீட்டியது. அதை உருவி எடுத்துத் தரையில் வீசினார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ரோசா எட்டிப் பார்த்தார்.

“இன்னாங்க இது? சங்கத்துல குடுத்த புது பேண்ட்டு. எலி மாதிரி கடிச்சிக்கினு கெடக்கறீங்க.”

“பேண்ட்டா இது? மழக்கோட்டு. தொட்டுப் பாரு, வழுக்குது.”

“பிளேடு கிளேடு பட்டுச்சின்னா ரத்தம் நிக்காது உங்களுக்கு. ரத்தத்த நீர்க்க வெக்கற மாத்திர தின்றது ஞாபகம் இருக்கட்டும்.”

“பட்டா படட்டும். இதப் போட்டுக்கினு சாவறதுக்கு ரத்தம் போயே சாவலாம்.”

அந்தக் கால்சட்டை பழைய சிப்பாய்களின் சங்கத்திலிருந்து வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் இன்றும் சொல்தா என்றுதான் சொல்வார்கள். கால்சட்டை அவர்கள் வாயில் பந்தலோன். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தன்று, பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். இந்த வருடம் எல்லோரும் பழைய காலத்து விழா உடுப்பில் நிற்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. ஒரு பழைய படத்தைக் காட்டி, நாடக உடுப்பு தைக்கிறவர்களிடம் மொத்தமாகக் கொடுத்து வாங்கிவிட்டார்கள். சின்னது, நடுவானது, பெரியது என்று மூன்றே அளவு. கருநீலம் என்று சொன்னது வெயிலில் ஊதாவாகத் தெரிந்தது. பக்கத் தையல் நெடுக ஓட வேண்டிய சிவப்புப் பட்டியைத் தைக்காமல் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியிருந்தார்கள். பை இருக்கும் இடத்தில் பையின் கோடு மட்டும் இருந்தது, கையை விட வழியில்லை. இடுப்பில் எலாஸ்டிக்.

வாதத்தில் விழுந்த உடம்புக்கு எலாஸ்டிக் நல்லதுதான். பலமில்லாத காலை முதலில் நுழைத்து, நல்ல காலைப் பிறகு நுழைத்து, ஒரு பக்கமாகப் புரட்டி இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. கழற்றும்போது நல்ல கால் முதலில். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததை ரோசா நன்றாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் அப்படி உடுத்திவிடுவதைப் பற்றிப் பிரகாசம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எலாஸ்டிக் என்பது உடுத்திவிடுகிறவருக்கு வசதி. உடுத்திக்கொள்கிறவருக்குப் பொத்தான்தான். பொத்தானை அவர் ஒரு கையாலேயே போடுவார். நேரமாகும், போட்டுவிடுவார்.

அவர் சுபாவம் எப்போதும் அப்படி. முத்தியால்பேட்டையில் பிறந்தார். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்தவர். அந்த உரிமையில் மகன் பட்டாளத்துக்குப் போனார். லாரி ஓட்டினார். பிரான்ஸ், ஜிபூத்தி, மறுபடி பிரான்ஸ். ஓய்வு பெற்றதும் கூடப் போனவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட, இவர் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மட்டடோர் வேன் வாங்கினார். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து கனகசெட்டிக்குளம் வரை ஐஸ் பெட்டி ஏற்றி ஓட்டினார். பென்ஷன் வாங்குகிறவன் மீன் வண்டி ஓட்டுவதா என்று சாதிசனம் சிரித்தது. வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘சொல்தா’ என்று எழுதிவைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டு வழியாகவே ஓட்டினார். வாதம் வந்த பிறகு, சாப்பிடும்போது சிந்துகிறதே என்று ரோசா கழுத்தில் துண்டு கட்டினார். கட்டிய துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சட்டையையும் கழற்றிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சிந்தினால் தோலைத் துடைத்தால் போதும், குழந்தை வேடம் வேண்டாம் என்றார். ரோசாவுக்கும் அது சரியாகவே பட்டது. துவைக்கிற துணி குறைந்தது.

எலாஸ்டிக்கை உருவிய அன்றே, சாயங்காலம் சங்கத்துச் செயலாளர் கோவிந்தராசு வந்தார். பிரகாசத்துக்குப் பிறகு பட்டாளத்தில் சேர்ந்தவர், வயதிலும் இளையவர். தரையில் கிடந்த நாடாவைப் பார்த்தார். எதிரில் உட்கார்ந்தார்.

“அண்ணே, விழா அன்னிக்கி நாற்காலிக்காரங்களுக்குத் தனியா பந்தல் போடறோம். ஃபேனு இருக்கு, மோரு குடுக்கறோம். நீங்க சௌகரியமா உக்காந்து பாக்கலாம்.”

“பாக்கறதுக்கு நான் இன்னா சினிமாவுக்கா வரேன்? வரிசையில நான் இருப்பேன்.”

“வரிசைன்னா நிக்கறதுண்ணே. நடுவுல ஒரு நாற்காலி இருந்தா போட்டோவுல ஒரு மாதிரி...”

“ஓரத்துல வெய்யி.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்புன்னு வேற முடிவு பண்ணியிருக்கோம். நீங்க அதயும் கிழிச்சிப் போட்டுட்டீங்க.”

“ஒட்டுன பட்டியப் போட்டுக்கினு நான் வர மாட்டேன்யா. பழைய கட்டுலயே என் பந்தலோன நானே தெச்சிக்கினு வரேன். அப்ப இன்னா சொல்லுவ?”

கோவிந்தராசு சிரித்தார். வாதக்காரரின் வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்ற சிரிப்பு அது. “அசல் பழைய கட்டுல, அளவு சரியா, பாக்கறவன் குத்தம் சொல்லாத மாதிரி நீங்க போட்டுக்கினு வாங்க. வரிசையில சேத்துக்கறேன். இல்லன்னா பந்தல்.”

“சரி” என்றார் பிரகாசம். “ரோசா, நீ சாட்சி.”

“எனக்கு வேற வேல இல்ல” என்றார் ரோசா. ஆனால் மறுநாளே பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கச் செய்தார். பட்டாளத்தில் கொடுத்த அசல் கால்சட்டை அதில் இருந்தது. பூச்சி அரித்து, தொடையில் சல்லடையாக இருந்தாலும் வெட்டின அமைப்பு, அந்தப் பழைய கட்டு, தெரிந்தது. முன்பக்கம் தொப்புள் வரை ஏறும் உயரம். பின்பக்கம் அதைவிட உயரமாக முதுகில் ஏறி, நடுவில் பிளந்து, தோள்வார் மாட்ட இரண்டு பொத்தான். முன்னால் பொத்தான் வரிசை.

முல்லா வீதியிலிருந்து ரோஷன் பீவி வரவழைக்கப்பட்டார். பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் சர்ச் பாடகர் குழுவுக்கும் உடுப்பு தைப்பவர். பழைய கால்சட்டையைத் தலைகீழாகப் பிடித்து, கால் மடிப்பைப் பிரித்து உள்பக்கம் பார்த்தார்.

“வெளியில வெளுத்துப் போச்சு. நெஜமான கலரு இதான், மடிப்புக்குள்ள. இதத் துண்டு வெட்டிக்கினு போயி கடையில ஒப்பு பாக்கறேன். கம்பளி கலந்த துணியா எடுத்தா கோடு நிக்கும், கசங்காது.”

“வேர்க்கும்” என்றார் ரோசா.

“வேர்க்கட்டும்” என்றார் பிரகாசம். “பட்டிய ஒட்டாத.”

“நான் ஒட்டறவளா? தையலுக்குள்ள மடிச்சி செருவுவேன். நீங்க இழுத்தாலும் வராது, உங்க சொல்தாமாருங்க எல்லாம் சேந்து இழுத்தாலும் வராது. எந்திரிங்க, அளவு எடுக்கணும்.”

பிரகாசத்தை நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள். பலமில்லாத பக்கம் ரோசா, எதிரில் பிடித்துக்கொள்ள நடைச் சட்டகம். வலது முழங்காலை விறைத்து, மார்பை நிமிர்த்தி, கர்தா வூ, அசையாமல் நில், என்று பட்டாளத்துப் பிரெஞ்சில் தானே தனக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டு நின்றார். ரோசா, “தோள எறக்காதீங்க, நேரா நில்லுங்க” என்று உள்ளங்கையால் முதுகைத் தட்டினார். ரோஷன் பீவி மண்டியிட்டு இடுப்பிலிருந்து குதிகால் வரை நாடாவை ஓட்டினார். பட்டாள உடுப்புக்கு அப்படித்தான் அளவெடுப்பார்கள். நின்றபடி. பட்டாளத்திலும் அப்படி எடுத்தார்கள், பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் அவர் அப்படித்தான் எடுத்துவந்தார். மூன்று பேருக்கும் வேலை ஒழுங்காக நடக்கிற திருப்தி. அளவு முடிந்ததும் பிரகாசம் நாற்காலியில் தொப்பென்று விழுந்து மூச்சு வாங்கினார். அந்த நாற்காலி மூவரில் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

விழாவுக்கு முதல்நாள் மதியம் கால்சட்டை வந்தது. நல்ல வேலை. கருநீலம் கருநீலமாக இருந்தது. துணியைக் கசக்கி விட்டால் தானே விரிந்தது. சிவப்புப் பட்டி ஒரே கோடாக இறங்கியது. உடுத்தி, தோள்வார் மாட்டி, பிரகாசத்தை எழுப்பி நிறுத்தினார்கள். இடுப்பில் ஒரு சுருக்கம் இல்லை, காலில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது, விளிம்பு காலணியின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தது.

“மாப்பிள தோத்தான்” என்றார் ரோஷன் பீவி, தன் வேலையைத் தானே ரசித்தபடி.

பிறகு பிரகாசம் உட்கார்ந்தார்.

உயர்ந்த முன்பட்டை வயிற்றை மடித்து நெஞ்சுக்குக் கீழே குத்தியது. மேல் பொத்தான் மூச்சை நிறுத்தியது. கால்சட்டையின் இரண்டு கால்களும் மேலே ஏறி, முழங்காலுக்கும் காலணிக்கும் நடுவில் பாதி கால் வெளியே வந்துவிட்டது. இடது காலில் பாதம் தொங்காமல் இருக்க மாட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை, அதன் ஒட்டுப்பட்டைகள், உள்ளே போட்டிருந்த வெளிர்நீல சாக்ஸ் எல்லாம் தெரிந்தன.

ரோசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடினார், அடங்கவில்லை.

“சிரி” என்றார் பிரகாசம், பொத்தானை அவிழ்க்க முடியாமல் திணறிக்கொண்டு. “ஒரு நாளைக்கி பத்து தடவ இந்த நாற்காலியில என்னத் தூக்கி வெக்கறவ. உனக்குத் தோணல.”

“உங்களுக்குத் தோணிச்சா? கர்தா வூ, கர்தா வூன்னு கத்துனது யாரு?”

“சண்ட அப்பறம் போடுங்க” என்றார் ரோஷன் பீவி. முகம் சுண்டியிருந்தது. “புத்தி எனக்கு இருந்திருக்கணும். நிக்கறவங்களுக்கே தெச்சி தெச்சிப் பழகிட்டேன். அண்ணே, இப்ப ரெண்டு வழிதான். இப்படியே வெச்சிக்கினு, நாளைக்கி கொஞ்ச நேரம் ரெண்டு பேரு புடிச்சி நிறுத்தட்டும். இல்ல, இப்பவே உக்காந்தபடி மறுபடி அளவு எடுக்கறேன். முன்னாடி எறக்கி வெட்டறேன், வெட்டுன துணிய கவுட்டுல வெச்சித் தெச்சா தாராளமாயிடும். பின்னாடி இருக்கற ஒசரம் உக்கார்றவங்களுக்கு நல்லதுதான், முதுகு தெரியாது. காலுக்கு உள்மடிப்பு நெறைய விட்டிருக்கேன், எறக்கிடலாம்.”

“அப்ப அத எடு.”

“ஆனா ஒண்ணு. அப்படி வெட்டிட்டா அதப் போட்டுக்கினு நிக்க முடியாது. நின்னா முன்னாடி தொங்கும், கால் தரையில பொரளும். பாக்க சகிக்காது.”

இந்த நாள் வரைக்கும் பிரகாசத்தின் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாளை கொடி ஏறும் நேரத்தில் மட்டுமாவது எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்தால் முடியும். தாளம் தப்பிய இடது கால் நடுங்கும். கூட்டம் அதைப் பார்த்துக் கை தட்டும், போன்களைத் தூக்கும். அந்தக் கைத்தட்டலை நினைத்ததும் அவருக்கு வாய் கசந்தது. வேடிக்கைக்கு நிற்பதும் பந்தலில் மோர் குடிப்பதும் ஒன்றுதான் என்று பட்டது.

“நிக்கப் போறது இல்ல” என்றார். “நான் உக்காந்துகினு இருக்கற சொல்தா. அதுக்கு அளவு எடு.”

ரோஷன் பீவி நாடாவை எடுத்தார். இந்த முறை நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து முழங்காலின் வளைவு வழியாகக் குதிகால் வரை ஓட்டினார். ரோசாவும் சும்மா இருக்கவில்லை. “பின்பாக்கெட்ட எடுத்துடு. உக்கார்ற எடத்துல தடிப்பா தையல் வேணாம், ஒரு மணி நேரம் அழுந்துனா தோலு செவந்துடும். புண்ணு வந்தா நான்தான் பாக்கணும்.”

“தையலத் தட்டையா படிய வெச்சிடறேன்க்கா.”

“கீழ்ப் பொத்தான் ரெண்டும் பெருசா வெய்யி. அவசரத்துக்கு அவரே அவுக்கணும்.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. பெரிய பொத்தான்.”

ரோசாவின் தையல் மெஷினிலேயே வேலை நடந்தது. அந்திநேர மக்ரிப் தொழுகைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வெட்டி, சேர்த்து, மடிப்பு இறக்கி, பழைய மடிப்பின் தடம் தெரியாமல் ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டார் ரோஷன் பீவி. உடுத்திப் பார்த்ததும் பிரகாசம் நாற்காலியில் முன்னும் பின்னும் சாய்ந்தார், வலது காலை நீட்டி மடக்கினார். துணி கூடவே வந்தது, எங்கேயும் பிடிக்கவில்லை. இடது காலின் பிளாஸ்டிக் பட்டை அடியோடு மறைந்தது.

மறுநாள் காலை, விடிந்ததும் ரோசா இரண்டு கால்களையும் நுழைத்து, புரட்டி, மேலே ஏற்றிவிட்டு, காப்பி போடப் போய்விட்டார். பொத்தான்களைப் பிரகாசம் போட்டார். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார்.

கடற்கரைச் சாலையில் வெயில் ஏறியிருந்தது. பந்தலில் மின்விசிறிக்குக் கீழே நாலைந்து சக்கர நாற்காலிகள். ரோசா அவரைப் பந்தலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார்.

“பிரகாசம், எடம் இங்க!” என்று பந்தலிலிருந்து ஒரு கிழவர் கூப்பிட்டார்.

“அது உங்க எடம்” என்றார் பிரகாசம், திரும்பாமல்.

வரிசையின் ஓரத்தில், கடைசி ஆளுக்குப் பக்கத்தில், நாற்காலியின் முன்சக்கரங்கள் மற்றவர்களின் காலணி நுனிக்கு நேராக வருமாறு நிறுத்தச் சொன்னார். கோவிந்தராசு வேகமாக வந்தார். வந்தவர் கால்சட்டையைப் பார்த்தார். குனிந்து, பட்டியை விரலால் தடவிப் பார்த்தார். எதையோ தேடுவதுபோல விளிம்பையும் பார்த்தார்.

“கட்டு சரிதாண்ணே” என்றார் கடைசியில். “ஆனா முன்பக்கம் எறங்கி இருக்கு. பழசுல இப்படி இல்லியே.”

“உக்கார்றவனுக்கு அப்படித்தான் இருக்கணும். குத்தம் இன்னா இருக்கு, சொல்லு.”

“குத்தம்னு இல்ல... போட்டோவுல...”

“போட்டோவுல நான் உக்காந்துகினு இருப்பேன். எழுந்து நிக்கச் சொன்னா நிக்க மாட்டேன். தள்ளணும்னா இத்தினி பேரு முன்னால நீயே தள்ளு.”

ஊதுகுழல்காரர் குழலை உதட்டுக்குக் கொண்டுபோனார். கோவிந்தராசு அந்தப் பக்கம் ஒரு முறை, இந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

“ரோசா, அந்தப் பக்கம் பிரேக்கப் போடு” என்றார் பிரகாசம்.

இடது சக்கரத்தின் பிரேக்கை ரோசா காலால் அழுத்தினார். வலது சக்கரத்தினுடையதைப் பிரகாசம் தன் கையாலேயே போட்டார். கோவிந்தராசு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, தன் இடத்துக்கு ஓடினார்.