மாமா தேர்ந்தெடுத்த நாய்

புனேவில், ஹிஞ்சேவாடிக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்தில், கோயம்புத்தூரிலிருந்து மோட்டார் ஏற்றி வந்த ஒரு லாரியின் முன்பக்கத்திலிருந்து என் மாமனார் இறங்கிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வேட்டி கசங்கி, முகமெல்லாம் தூசி படிந்திருந்தது. இரண்டு கைகளாலும் மார்போடு ஒரு துண்டை அணைத்திருந்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு நீளமான மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “ரயில்ல நாயைத் தனியாப் பெட்டியில போடோணும்னாங்க அம்மிணி. அழுவுமில்ல?” என்றார். நண்பரின் லாரியில், மடியில் குட்டியை வைத்துக்கொண்டே வழி முழுக்க வந்திருக்கிறார். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததை, மாமியார் இறந்த பிறகு நாங்கள் பார்த்ததில்லை.

நாய் வேண்டும் என்று முதலில் கேட்டவள் என் மகள். என் கணவர் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்; கோல்டன் ரெட்ரீவர்தான் குழந்தைகளுக்கு ஏற்றது என்று முடிவுக்கு வந்திருந்தார். எனக்கு, ஒன்பதாவது மாடி வீட்டுக்குச் சின்னதாக, முடி கொட்டாததாக ஏதாவது இருந்தால் போதும். மாமா எதிலும் கலந்துகொள்ளவில்லை. எங்களோடு புனேவுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்தார். மொழி தெரியாத ஊரில், பாத்திரத்தோடு ஒட்டாத மூடி மாதிரி. ஒருநாள் லிஃப்டில் ஒரு ஹஸ்கி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். “பனியில பொறந்ததைக் கொண்டாந்து இங்க வறுக்கறாங்க. நம்ம வெயிலுக்கு நம்ம நாய்தான். சிப்பிப்பாறை வாங்கலாம். பார்த்தா ஊரே திரும்பிப் பார்க்கும்” என்றார். ஹஸ்கியைப் பற்றி அவர் சொன்னது சரி. அந்த ஒரு சரியை வைத்துக்கொண்டு மற்றவற்றையும் சரி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். வெயில் தாங்குமா என்று பார்த்தோமே தவிர, அந்த நாய் எதற்காகப் பிறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாமா அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார். தன் முன்னால் தலைகுனிந்து நின்றவர்களையே வாழ்நாள் முழுக்கப் பார்த்த மனிதர். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை; கேட்கும்படி எதையும் செய்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது.

குட்டி செம்மண் நிறத்தில் இருந்ததால் செவலை என்று பெயர் வைத்தார். அடுக்ககத்து மராத்திக் குழந்தைகளின் வாயில் அது ‘சாவ்லி’ ஆயிற்று. மராத்தியில் நிழல் என்று அர்த்தம். பொருத்தமாகத்தான் இருந்தது, மாமா போகுமிடமெல்லாம் அவர் காலை ஒட்டியே போகும். ஒல்லியான வயிறு, வில் மாதிரி வளைந்த முதுகு, யார் அதட்டினாலும் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் கூச்சம். டிசம்பர் குளிரில் அதற்கு நடுக்கம் எடுத்தபோது, மாமா தன் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி அதற்கு மாட்டிவிட்டார். கீழே நடக்கப் போகும்போது, “கிரேஹவுண்டா?” என்று யாராவது கேட்பார்கள். அதற்காகவே அவர் இந்தி கற்றார். “நஹி. சிப்பிப்பாறை. தமில்நாடு கா” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். செவலையால்தான் இந்த ஊரில் அவருக்கு ஒரு முகவரி கிடைத்தது. அதனால் கால்நடை மருத்துவர், “இதுக்கு நடை போதாது, தினமும் ஓட விடணும், முயல் பிடிக்கிற ஜாதி இது” என்று சொன்னபோது, மாமா சிரித்துத் தள்ளிவிட்டார். “எங்கூட இருக்கறப்ப அது பூனைக்குட்டி” என்றார். பால்கனிக் கம்பிக்குள் மூக்கை விட்டு, புறாக்கள் பறக்கும் திசையெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு அது மணிக்கணக்கில் நிற்பதை நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோம். அழகாக இருக்கிறது என்று படம்கூட எடுத்தோம்.

எங்களுக்குக் கீழ் மாடியில் ஒரு மராத்தி அம்மாள் தனியாக இருந்தார். பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சரை மராத்தியில் அழைக்கிறபடி எல்லோரும் அவரைப் பாயி என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் மோத்தி என்று ஒரு வயதான பொமரேனியன் இருந்தது. பாதி காது கேட்காது. சாயங்காலங்களில் தோட்டத்துப் புல்லில் அதைச் சங்கிலி இல்லாமல் விட்டுவிட்டு, பாயி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு நானும், செவலையைப் பிடித்தபடி மாமாவும் தோட்டத்தில் இருந்தோம். எதற்கோ பயந்து மோத்தி புல்லின் குறுக்கே ஓடியது. வெள்ளையாக, உருண்டையாக, தரையோடு தரையாக. மாமாவின் கையிலிருந்து வார் பிய்த்துக்கொண்டு போனது. இழுத்த வேகத்தில் அவர் முழங்கால் மடிந்து விழுந்தார். “செவலே!” என்று விழுந்தபடியே கத்தினார். அவர் கூப்பிட்டு அது திரும்பாதது அதுதான் முதல்முறை. அவ்வளவு வேகத்தை அந்த உடம்பு தனக்குள் வைத்திருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பாயி பெஞ்சிலிருந்து எழுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மாமாவை உடைத்தது. செவலை ஓடிவிடவில்லை. மோத்தியை வாயில் கவ்விக்கொண்டு, நேராக அவரிடம் வந்து, மெதுவாக அவர் காலடியில் வைத்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. நல்ல வேலை செய்தேனா என்று கேட்கிற மாதிரி. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். யாரோ இந்தியில் திட்டினார்கள். பாயி வந்து, குனிந்து, தன் துப்பட்டாவில் மோத்தியை எடுத்துச் சுற்றிக்கொண்டார். மாமா இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் கைகொடுத்தேன், அவர் என் கையைப் பிடிக்கவில்லை.

அன்றிரவு முழுவதும் அடுக்ககத்து வாட்ஸ்ஆப் குழு கொதித்தது. ஆபத்தான நாய், வேட்டை நாய், இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று எழுதினார்கள். பொறுக்க முடியாமல் என் கணவர், அந்த நாயும் சங்கிலி இல்லாமல்தான் இருந்தது, விதிப்படி இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது என்று ஒரு பதில் போட்டார். மாமா பேத்தியைக் கூப்பிட்டு, உன் அப்பன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். அவள் தன் திக்கித் தடுமாறும் தமிழில் சொன்னாள். அவர் மகனை அழைத்தார்.

“டிக்கெட் இல்லாம மாட்டினவன் சட்டம் பேசுவான்டா. தினமும் பார்த்திருக்கேன். எம்பையன் பேசுவான்னு நெனைக்கல.”

“அப்பா, நான் சொன்னது உண்மைதானே?”

“உண்மைதான். அழிச்சுப் போடு.”

மறுநாள் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, “வா அம்மிணி, நான் சொல்றதை அவங்க பாசையில சொல்லோணும்” என்று என்னைக் கீழே கூட்டிப்போனார். பாயி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. மாமா செருப்பை வாசலுக்கு எட்டவே கழற்றிவிட்டு நின்றார். “தப்பு எம்மேல. நாய் மேல இல்லீங்க. மருத்துவர் சொன்னாரு, நான் கேக்கல” என்றார். நான் இந்தியில் சொன்னேன். பாயி மாமாவை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வேட்டையாடுகிற நாயை எதற்காக இந்தக் கட்டிடத்துக்குக் கொண்டுவந்தீர்கள்?

மாமாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். காரணங்கள் எத்தனையோ இருந்தன: வெயில், பேத்தி, தனிமை. அவற்றில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

“பெருமைக்குத்தாங்க.”

“ஷான் கே லியே” என்றேன்.

பாயி தலையை லேசாக அசைத்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செவலையை யாரிடமாவது கொடுத்துவிடலாம், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று என் கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “புடிச்சு வந்தவன் நானு. வேற ஒருத்தன் தலையில கட்ட மாட்டேன்” என்று மாமா முடித்துவிட்டார். தாராபுரத்துக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா மகனுக்குக் கம்பி வேலி போட்ட மானாவாரிக் காடு இருக்கிறது. அடுத்த வாரமே ஒரு வண்டி பேசி, நாயோடு அங்கே போய்விட்டார். இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பேத்தி பெரியவளான சீருக்குக்கூட அவர் புனேவுக்கு வரவில்லை. முட்டி வலி என்றார். எங்களுக்குக் காரணம் தெரியும். லிஃப்டில் பாயியோடு நிற்க வேண்டியிருக்குமே.

நாங்களும்தான் அந்த லிஃப்டில் தினமும் தலைகுனிந்து நின்றோம். அலுவலகத்தில் யாராவது, என்ன நாய் வாங்கலாம், நீங்கள் வளர்த்திருக்கிறீர்களே என்று என்னிடம் கேட்டால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது. முதலில் அந்த ஜாதி எந்த வேலைக்குப் பிறந்தது என்று கேளுங்கள், உங்கள் வீட்டில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள், என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எங்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயி எங்கள் வீட்டு மணியை அடித்தார். தண்ணீர்க் குழாய் கசிவது பற்றிச் சொல்ல வந்திருந்தார். நான் அப்போது மாமாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். ஃபோனில் அவர் குரலைக் கேட்டதும் பாயி நின்றார். “ஆஜோபா?” என்று கேட்டு, தாத்தாதானே என்கிற மாதிரி கையை நீட்டினார். கொடுத்தேன். திரையில் பாயியின் முகம் வந்ததும் மாமா சட்டென்று எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் வேலியோரம் படுத்திருந்த செவலை தெரிந்தது. அவர் ஓரடி நகர்ந்து, தன் உடம்பால் அதை மறைத்துக்கொண்டார்.

“சாவ்லி கஷி ஆஹே?” என்றார் பாயி.

“அம்மிணி, என்ன கேக்கறாங்க?”

“செவலை எப்படி இருக்குதுன்னு கேக்கறாங்க மாமா.”

“நல்லா இருக்குதுன்னு அவங்ககிட்ட எந்த வாயில சொல்றது அம்மிணி?” என்றார்.

அதை அப்படியே பாயிக்குச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தபடி, இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும் என்று மராத்தியில் சொல்லி ஃபோனை என் கையில் கொடுத்தார். குழாயைப் பற்றிப் பேசாமலே படியிறங்கிப் போனார். அவர் சொன்னதை மாமாவிடம் சொல்லத் திரையைப் பார்த்தேன். அவர் அதற்குள் ஃபோனைக் கீழே தாழ்த்திவிட்டிருந்தார். செம்மண்ணும் அவருடைய கால்விரல்களும் மட்டும் தெரிந்தன.