உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

இது நடந்தது. நம்பமாட்டேன் என்கிறவர்களோடு வயரக்கா இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைப்பாள். பட்டறை வாசலில் நிற்கும் சின்ன பிக்கப் வண்டியைக் காட்டுவாள். "அந்தப் பக்கத்து சீட்ல உக்காந்து கதவச் சாத்திட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்பாள். இதுவரை ஒருவரும் போய் உட்கார்ந்ததில்லை. எனக்கும் காட்டினாள். நானும் உட்காரவில்லை.

வயரக்கா என்பது தொழிலால் வந்த பெயர். வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவள். அவள் கணவர் அதே பட்டறையில் டிங்கர். நசுங்கியதை நிமிர்த்துவார், துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வார். அந்த வீட்டுக்கு வந்த கோபம் மொத்தத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள், பொறுமை மட்டும் அவருக்கு மிஞ்சியது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

பிக்கப்பை வாங்கியவள் அவள் தங்கை. கடைகளுக்கு முட்டை போடுகிறவள். வாடகை வண்டிக்காரர்களின் சாக்குப்போக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்து, சொந்த வண்டிதான் ஒரே வழி என்று கிளம்பினாள். ஒரு வீட்டின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் பல வருடமாக நின்ற வண்டி அகப்பட்டது. விற்ற மனிதருக்கு நரைத்த மீசை, தேன் ஒழுகும் பேச்சு. "ராசியான வண்டிம்மா" என்றாராம். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் வயரக்காவுக்குப் பல் நறநறக்கிறது.

எஞ்சினைப் பிரித்து மாட்டினார்கள். தரைத் தகரம் முழுவதையும் மாற்றினார்கள். முன்பக்கம் டிஸ்க் பிரேக், புது விளக்குகள், புது சீட்டு. ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. இரண்டு கதவுகளிலும் உள்பக்கம் கைப்பிடி இல்லை. கண்ணாடி இறக்கும் கைப்பிடியும் இல்லை. அவை இருந்த ஓட்டைகளைப் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அந்த வேலை மட்டும் அத்தனை சுத்தம்.

"உடைஞ்சிருக்கும். வேற கைப்பிடி தேடிப் போடறேன்" என்றார் கணவர்.

வயரக்கா விடவில்லை. இந்தக் காலத்தில் கைப்பிடி எதற்கு? கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச். அழுத்தினால் திறக்கும். கண்ணாடிக்கும் அங்கேயே ஸ்விட்ச். கதவின் உள்பக்கம் ரெக்சின் ஒட்டி வழவழவென்று முடித்துவிடலாம்.

"பக்கத்துல உக்காரவங்க எப்படித் திறப்பாங்க?" என்றார் அவர்.

"பக்கத்துல முட்டைதான் மாமா உக்காரப் போகுது" என்று சிரித்தாள் தங்கை. அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்க்ரூவை இறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து தகரம் வரை வயரக்கா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பாள். பிறகு யார் திருகினாலும் கோடு முறியும். அவள் வேலையில் யார் கை வைத்தாலும் மறைக்க முடியாது. கதவுப் பலகையின் எல்லா ஸ்க்ரூவுக்கும் அப்படிக் கோடு போட்டாள்.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்தபோது, பக்கத்து சீட்டின் கதவு விரியத் திறந்து கிடந்தது.

பலகையைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பூட்டுக்குப் போகும் வயரை இணைக்கும் கப்ளர் கழன்று தொங்கியது. அதைத் தொட வேண்டுமென்றால் முதலில் பலகையைக் கழற்ற வேண்டும். ஆனால் அவள் கழற்றும்வரை ஒரு கோடுகூட முறியவில்லை.

அவள் பயப்படவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாலிஷ் போட்டு மறுபடியும் கோடு இழுத்தா எனக்குத் தெரியாதா? கைப்பிடி போடணும்னு சொன்னீங்க. நான் கேக்கல. அதுக்கு இதா?"

"நான் தொடவே இல்ல."

"அப்ப பேய் வந்து கழட்டிச்சா?"

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

மறுபடி மாட்டினாள். கப்ளரை டேப் சுற்றி இறுக்கினாள். பட்டறைச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். காலையில் கதவு திறந்து கிடந்தது. டேப் நார்நாராகக் கிழிந்திருந்தது. பட்டி அடைத்த பழைய ஓட்டை திறந்துகொண்டு, பட்டித் தூள் புது சீட்டின் மேல் உதிர்ந்திருந்தது. ஓட்டைக்கு நேராக ரெக்சின் லேசாக வெளியே உப்பியிருந்தது. சிவப்புக் கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன.

தங்கையையும் விடவில்லை. "நீயும் அவரோட கூட்டா?"

"என் வண்டியக்கா இது. நானே எதுக்குக் கெடுக்கணும்?" தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மூவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. சாப்பிடக்கூடத் தனித்தனியாகத்தான் போனார்கள். ஒருவர் எங்கே போனார் என்று இன்னொருவர் கேட்கவில்லை. அந்த வீம்பு ஒரு உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

பெயின்ட் காய்வதற்காக வண்டி வெயிலில் நின்றது. உச்சி நேரம். முட்டைத் தட்டுகளுக்குச் சட்டம் அடிக்க அளவெடுக்கலாம் என்று தங்கை பக்கத்து சீட்டுக் கதவு வழியாக உள்ளே ஏறினாள். சாவி அவள் மடியில். கதவைச் சாத்தினாள்.

டக்.

அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் குனிந்தாள். அந்த நேரம் பார்த்துக் கணவர் பின்பக்கக் கதவுக்கு வெல்டிங் வைக்க வந்தார். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுவது அவர் பழக்கம். கழற்றினார். உள்ளே ஆள் இருப்பது கண்ணில் படவில்லை. முகமூடியை இறக்கிக்கொண்டு பின்னால் போனார்.

தங்கை நிமிர்ந்தாள். ஸ்விட்சை அழுத்தினாள். இல்லை. கண்ணாடி ஸ்விட்ச். அதுவும் இல்லை. ஹார்ன் அடித்தாள். சத்தமே இல்லை. கதவில் பிடித்து இழுக்க ஒன்றுமே இல்லை... வழவழவென்று ரெக்சின் மட்டும். கத்தினாள். வெல்டிங் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வயரக்கா பின் அறையில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. கோபம் தூங்கவிடுமா?

டக்... டக்... டக்...

கதவுப் பூட்டின் சத்தம். அவள் மாட்டிய பூட்டு. ஆயிரம் சத்தத்தில் அவளுக்குத் தெரியும்.

'விளையாடறாரா என்கிட்ட?' எழுந்தாள். விடுவிடுவென்று வந்தாள். வாயில் வசவு தயாராக இருந்தது.

டக்... டக்...

வண்டியின் பானெட் திறந்திருந்தது. பேட்டரி டெர்மினல் கழன்று ஓரமாகக் கிடந்தது.

கரண்டே இல்லை.

டக்.

கண்ணாடி உள்ளே முழுக்க ஆவி படிந்திருந்தது. ஆவியில் இரண்டு உள்ளங்கைகள். தங்கையுடையவை. கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தன.

அதற்குக் கீழே இன்னொரு கை.

மெலிந்த கை. அது கண்ணாடியைத் தட்டவில்லை. கதவின் ஓரத்தில் எதையோ பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

டக்...

டக்...

கதவு திறந்தது.

வயரக்கா இன்னும் அதைத் தொடவில்லை.

தங்கை சரிந்து அவள் மேல் விழுந்தாள். உடம்பு கொதித்தது. உதடு வெடித்திருந்தது. கணவர் முகமூடியை வீசிவிட்டு ஓடி வந்து தண்ணீரை ஊற்றினார். மூச்சு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவங்க இறங்கிட்டாங்களா?"

"யாரு?"

"என் பக்கத்துல இருந்தவங்க..."

உள்ளே யாரும் இல்லை. கதவைப் பார்த்தார்கள். ரெக்சின் உள்ளிருந்து கிழிந்திருந்தது. பழைய ஓட்டையில், பூட்டுத் தண்டின் பற்களில் சரியாகப் பொருந்தி, ஒரு கைப்பிடி. நிக்கல் பூச்சு உரிந்து, பிடிக்கும் இடம் தேய்ந்து போன பழைய கைப்பிடி. பற்களுக்குள் ஈர மண். அந்தப் பட்டறையில் யாரும் அதைப் பார்த்ததே இல்லை.

தங்கை உயிர் தப்பியதும் வயரக்காவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கணவரோடு அந்தத் தேன்வாய்க்காரர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது உங்க வண்டிக் கைப்பிடிதானே?"

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. பின்னால் நகர்ந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேலாகக் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தாள். வளைவை ஒருமுறை தடவினாள். சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அவர் பொண்டாட்டி அடிக்கடி அம்மா வீட்டுக்குப் போயிடும். அடி தாங்காமதான். வழியில எங்கயும் இறங்கிடக் கூடாதுன்னு எல்லாக் கைப்பிடியையும் கழட்டிட்டாரு. ஒண்ணே ஒண்ண மட்டும் சட்டைப் பையில வச்சிருப்பாரு. தான் இறங்கும்போது மாட்டித் திறந்துட்டு, மறுபடி பையில போட்டுக்குவாரு. ஒரு நாள் மத்தியானம் வெயில்ல வண்டிய நிறுத்திப் பூட்டிட்டு, யாரோடயோ பேசப் போனவரு... சாயங்காலம்தான் வந்தாரு."

திறக்கும் வழியை, சட்டைப் பைக்குப் பதிலாக வயரக்கா ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்திருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"போலீஸ் வரலியா?" என்றார் கணவர்.

"வந்தாங்க. மாரடைப்புன்னு எழுதிட்டுப் போனாங்க." அம்மாள் கைப்பிடியையே பார்த்தாள். "ஆனா இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு? அடக்கம் பண்றப்ப அந்தப் பொண்ணோட அண்ணன் இவர் சட்டையப் பிடிச்சுக் கிழிச்சு, பையில இருந்த இந்தக் கைப்பிடியைப் பிடுங்கினாரு. தங்கச்சி கைக்குள்ள வச்சு மூடினாரு. 'இனியாவது நீயே திறந்துக்கோம்மா'ன்னு சொல்லி அழுதாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். இதோடதான் புதைச்சோம்."

தங்கை இன்றும் அந்த வண்டியில்தான் கடைகளுக்கு முட்டை கொண்டுபோகிறாள். ஓட்டுநர் பக்கத்துக்குப் புதுக் கைப்பிடி, புது ஸ்க்ரூ. அதற்கு வயரக்கா சிவப்புக் கோடு இழுத்திருக்கிறாள்.

பக்கத்து சீட்டுக் கதவில் அந்தப் பழைய கைப்பிடி. திரும்பி வந்த அன்று வயரக்கா அதை ஓட்டையில் செருகி மட்டும் வைத்தாள்; காலையில் அது இறுகியிருந்தது. மண்ணைக்கூட யாரும் துடைக்கவில்லை. அதற்கு அவள் கோடு போடவில்லை. அதை இறுக்கியது அவள் இல்லை.