இன்னும் ஒரு வருடத்துக்குத் தலைவர்

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் என் எதிர்க்கதவில் இருந்தவர் நேபாளத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். முதலில் நான் நம்பவில்லை. ரொறொன்ரோவுக்கு வந்தவர்களில் ஊரில் பெரிய ஆளாக இருக்காதவர் யார்? எங்கள் ஆட்களில் இரண்டு பேரில் ஒருவர் ஏதோ ஒன்றின் முன்னாள் தலைவர். ஆனால் இந்த மனுசன் பெருமை பேசவில்லை. லோன்றி அறையில் உடுப்புக் காயும்வரை நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் தாரு என்ற பழங்குடியைச் சேர்ந்தவர் அவர். தகப்பன் நிலக்காரர் வீட்டில் கொத்தடிமையாக இருந்தவர். இவர் வளர்ந்து கிராமத்துத் தலைவரானார். வாய்க்கால் வெட்ட ஆட்களைக் கூட்டுகிற வேலை. பிறகு ஒரு கட்சிக்குத் தாரு ஒருவர் தேவைப்பட்டபோது வேட்பாளர் பட்டியலில் இவர் பெயரைப் போட்டார்கள். பாராளுமன்றத்தில் கடைசி வரிசையில் இருந்தார். இருந்த காலம் முழுவதிலும் இரண்டே தரம்தான் பேசினார். இரண்டாம் தரம், கொத்தடிமையிலிருந்து விடுவித்த குடும்பங்களுக்கு நிலம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்ததென்று மைக்கை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பட்டியலில் பெயர் இல்லை. மனைவி இறந்தபின் மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான்.

என் மனைவியும் போய்விட்டாள். மகள் மிசிசாகாவில். "அப்பா, நெக்ஸ்ட் வீக் ஷுவரா வாறன்" என்பாள், பாவம், வேலை. அவருடைய மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் அவரும் தனி. பின்னேரம் நாலு மணிக்கு என் கதவைத் தட்டுவார். தேத்தண்ணி குடிப்போம். பேசுவது உடைந்த ஆங்கிலம், இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அந்த நாலு மணிக்காக நான் காலையிலிருந்தே காத்திருப்பதை அவருக்குச் சொன்னதில்லை.

எங்கள் தைப்பொங்கலையொட்டித்தான் அவர்களுக்கு வருடப் பிறப்பு. அன்று வீட்டார் கூடியிருந்து அந்த வருடத்துக்கான வீட்டுத் தலைவரைத் தெரிவுசெய்வார்கள். பழைய தலைவர் கடைசியாகத்தான் பேச வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கப்படி, தெரிவானவர் மறுக்கவும் கூடாது, அந்த வருடம் வீட்டை விட்டுப் போகவும் கூடாது.

"இந்த முறை நான் விலகப் போறன்," என்றார் அதற்கு முதல் நாள். "மகனிட்டக் குடுத்துப்போட்டு ஊருக்குப் போறன். அங்க நாலு பேர் எண்டாலும் என்னோட கதைப்பினம்."

"மகனுக்குச் சொல்லிட்டீங்களோ, அண்ணை?"

"இல்லை. கூட்டத்திலதான் சொல்ல வேணும். அதுதான் முறை."

மறுநாள் பொங்கலோடு போனேன். அவர் கோட்டும் தொப்பியும் போட்டு, எழுதிய தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். மகன் வேலைக்குப் போகிற அவசரத்தில் ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. எனக்கும் விளங்கட்டுமென்று ஆங்கிலத்தில் சொன்னான்: "அப்பாதான் தலைவர். வேற ஆர்?" கையைத் தூக்கினான். மருமகளும் சிரித்துக்கொண்டு தூக்கினாள். தகப்பனுக்கு மரியாதை செய்கிறோம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களும் இந்த வீட்டு ஆள்தான். நீங்கள் சொல்லுங்கோ."

அந்த அறையில் விசயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "முதல்ல அவருக்கு என்ன விருப்பம் எண்டு கேளுங்கோ" என்றால் போதும். நாவின் நுனிவரை வந்தது. அவர் போய்விட்டால் என் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

நான் கையைத் தூக்கினேன்.

அவர் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டு, எழுந்து நின்று எங்கள் மூவருக்கும் நன்றி சொன்னார். மகன் அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

அடுத்த நாள் நாலு மணிக்கு வந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஏன் கையைத் தூக்கினீங்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை.