ஒரு பேப்பர் நிக்கட்டும்

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாகலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மட்டமான ஜெராக்ஸ். தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது. அக்கா தோசைக்கல்லை விட்டு நகராமல், “நீயே ரொப்பிடுடா, எனக்கு இந்தக் கட்டத்துக்குள்ள எல்லாம் எழுத வராது” என்றாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி பேனாவை எடுத்து வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தேன். ‘தாயின் கல்வித் தகுதி’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

“இதுல என்ன போடக்கா?”

“பன்னெண்டாவதுனு போடு. வேற என்ன இருக்குது போட?”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அந்த ஜெராக்ஸ் மை வாசனை இருக்கிறதே, அது அப்படியே அக்காவின் அஞ்சல் வழிக் கல்விப் புத்தகங்களின் வாசனை. உங்கள் வீட்டில் யாராவது தபாலில் படித்திருந்தால் தெரியும். பழுப்புத் தாள், பின் அடித்த முதுகு, ஒரு பக்கம் அழுத்தமாகவும் அடுத்த பக்கம் மங்கலாகவும் அச்சு. அக்கா பி.ஏ. வரலாறு படித்தாள். பன்னிரண்டாவதில் நல்ல மார்க்தான். ஆனாலும் அப்பாவின் சம்பளத்தில் இரண்டு பேரைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாது, அவளைவிட நான்கு வயது சின்னவன் நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லி, அவளை ஓசூரில் ஒரு கம்பெனிக்கு அசெம்ப்ளி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவளைக் கேட்டார்களா என்று எனக்கு ஞாபகமில்லை. என்னைக் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்தவர். எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். ஒருவர் தெலுங்கு, இரண்டு பேர் கன்னடம், மிச்சம் ஊருக்கு ஒரு தமிழ். தண்ணீர் விடுகிற அரைமணி நேரம் மட்டும் எல்லோருக்கும் எல்லா மொழியும் புரியும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அக்கா குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். கம்பெனிக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது. அதனால் பதில்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஏப்ரன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, கேன்டீன் வரிசையில் மனப்பாடம் செய்வாள். ஒருநாள் ஒரு சீட்டு கீழே விழுந்து, லைன் சூப்பர்வைசர் கையில் கிடைத்திருக்கிறது. அவர் கன்னடக்காரர். யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ‘பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள்’ என்று படித்ததும் ஆள் வெலவெலத்துப்போய், “ஏனம்மா, சங்கம் கிங்கம் ஆரம்பிக்கறியா?” என்று கேட்டாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று வருடத்தில் எல்லாத் தாளும் தேறினாள், ஒன்றைத் தவிர. கடைசிப் பரீட்சையன்று அவளை மாற்றிவிட வேண்டிய பெண் ஷிப்டுக்கு வரவில்லை. இவள் கெஞ்சிக் கூத்தாடி வெளியே வந்து, பஸ் பிடித்து, கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது பரீட்சை தொடங்கி முக்கால் மணி நேரமாகிவிட்டது. உள்ளே விடவில்லை. டிசம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அதே மே மாதம்தான் என் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. எஞ்சினியரிங் கவுன்சலிங்குக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார்கள். குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அப்படி யாரும் இல்லையென்றால், முதலில் படிக்கப்போகிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். எங்களைப் போன்றவர்களுக்கு அது கும்பிட வேண்டிய திட்டம், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பாவும் நானும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனோம்.

“வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?”

“இல்ல சார். எனக்கு எட்டாப்பு. இவங்க அம்மைக்கு அதுவும் கெடையாது” என்றார் அப்பா.

“பொண்ணு?”

“தபால்ல படிக்கா. ஒரு பேப்பர் கெடக்கு சார்.”

அலுவலர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற உதவியாளர்தான் எங்களை வாசல்வரை கூட்டிவந்து, ரகசியம் போல, “நிக்குதுல்ல, நிக்கட்டும் விடுங்க. பையன் முடிக்கற வரைக்கும் நாலு வருசம் நிக்கட்டும். அது முந்திக்கினா இவனுக்குக் கட் பண்ணிடுவாங்க” என்றார். நல்ல மனுஷன்தான். எங்களுக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார். எங்களுக்கு அது கவர்ன்மென்ட் ஆர்டர் மாதிரி ஆகிவிட்டது. வேறு யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், தண்ணீர் குடிக்கிறார். நான்தான் சொன்னேன். “அக்கா, நீ நாலு வருசத்துக்கு அந்தப் பேப்பர எழுதாத.” பதினேழு வயதில் எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்.

காரணத்தையும் கேட்டுவிட்டு அக்கா, “சரிடா. பேப்பர் எங்க ஓடியா போவுது” என்றாள்.

பர்கூர்ப் பக்கம் கல்லூரி, அங்கேயே விடுதி. கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் போகப் போக எங்கள் கொடிகளில் காயும் சட்டையெல்லாம் மாவு பூத்துக் கிடக்கும். அங்கே ஸ்காலர்ஷிப் பிரிவில் ஒரு மேடம் இருந்தார். இரண்டாம் வருடம் ஜனவரியில் ஏதோ கையெழுத்துப் போடப் போனவன், மனசு கேட்காமல் அவரிடம் கேட்டேன். “மேடம், எங்கக்கா இப்ப டிகிரி முடிச்சா எனக்கு நின்னுருமா?”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீ சேரும்போது யாரும் முடிக்கலல்ல? அவ்வளவுதான். இனிமே உங்கக்கா டாக்டரேட்டே வாங்கட்டும், இங்க யாரும் கேக்க மாட்டாங்க.”

அன்றைக்கே ஒரு ரூபாய் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேடம் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்ற பயம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அப்பா டீக்கடையில், பஸ்ஸில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளிடம்கூட, “எங்க வம்சத்துலயே மொதப் பட்டதாரி இவன்தான்” என்று என் தோளைத் தட்டுவார். எனக்கு அது பிடித்திருந்தது. அக்கா மே மாதமே முடித்துவிட்டால் நான் இரண்டாவது. இதைவிட அல்பமான காரணம் உலகத்தில் இருக்க முடியாது, ஆனால் அதுதான் காரணம்.

நான் கடைசி வருடம் படிக்கும்போது அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. நான் பட்டம் வாங்கியபோது அவள் வயிற்றில் பிள்ளை. அடுத்த மே எழுதுகிறேன் என்றாள். அதற்குள், சேர்ந்து இத்தனை வருடத்துக்குள் முடித்திருக்க வேண்டும், உங்கள் காலக்கெடு முடிந்தது என்று கடிதம் வந்துவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கம்பெனியில் ஒரு மைக்ரான் தப்பினாலும் ரிஜெக்ட் சீட்டு ஒட்டுகிற உத்தியோகம் எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். மேடம் சொன்னதை, நான் சொல்லாமல் விட்டதை, ஏன் என்பதையும். அக்கா அடுப்பை அணைத்தாள்.

“எப்ப சொன்னாங்க?”

“செகண்ட் இயர். ஜனவரி.”

கட்டைவிரலால் மற்ற விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினாள். மே, டிசம்பர், மே, டிசம்பர், மே.

“நீ முடிக்கறதுக்குள்ள அஞ்சு தடவ வந்திருக்குது.”

“ஆமாக்கா.”

“அஞ்சு தடவயும் பரிச்சைக்கு அப்ளிகேசன் வந்துச்சு. பிரிச்சுப் படிச்சிட்டு, ஒனக்காகத்தான்னு மடிச்சு மடிச்சு வெச்சேன்.”

புதிதாகச் சேர்ந்துகொள்ளலாம், நானே கூட இருந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று உளறினேன்.

“திரும்ப மொதல்லருந்தா? எனக்கு அந்த ஒரு பேப்பர்தான்டா வேணும்” என்றாள். அப்புறம், “ஆறுது, சாப்பிடு” என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுவாரம் லீவு போட்டுவிட்டு விசாரிக்கப் போனேன். கிருஷ்ணகிரியில் அவள் புத்தகம் வாங்கிய படிப்பு மையம் இருந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டால், அந்தப் பாடத்திட்டமே எடுத்தாகிவிட்டது, அந்தத் தாளை இனி யாருக்கும் நடத்த மாட்டோம் என்றார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கவும் இப்போது யாரும் கிராம நிர்வாக அலுவலகத்து வாசலில் நிற்பதில்லை. எல்லாம் இ-சேவை மையத்தில் ஆகிவிடுகிறது. ரகசியம் சொல்ல அங்கே உதவியாளரும் இல்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை அக்காவிடமிருந்து போன் வரும். எடுத்ததும், “என்ன இஞ்சினியரு, சாப்ட்டியா?” என்பாள். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அப்படித்தான். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாரத்துக்கு இரண்டு தடவை போன் வருகிறது. சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். என் பேரைச் சொல்லித்தான் கேட்கிறாள்.