கைப்பிடி இல்லாத அலுமாரிகள்

கோப்பாயில் பத்மாசினி அன்ரியின் குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டியவன் நான்தான். நல்ல வேலை என்று ஊரில் சொல்வார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்ரி சின்ன வயதிலேயே புருசன் தில்லைநாதனை இழந்தவர். வெங்காயத் தோட்டத்தைத் தானே கொத்தி, தண்ணீர் இறைத்து, ஒரே மகன் சுபாங்கனைப் படிக்கவைத்துக் கனடாவுக்கு அனுப்பினார். தன் சமையலைத் தானே சமைத்துத் தனியே இருந்தார். அது இனி முடியாது என்று தெரிந்த அன்றைக்கு மகன் தன்னைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், வீடு பூட்டிக் கிடக்கும் என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

புதுக் குசினி எப்படி இருக்கவேண்டும் என்று சுபாங்கன் போனில் படம் அனுப்பினான். எல்லாம் வெள்ளை. அமத்தினால் திறக்கும் அலுமாரிகள், கைப்பிடி கிடையாது. வெளியில் ஒரு போத்தல்கூடத் தெரியக்கூடாதாம்.

"அம்மா புகைக்குள்ளை கிடந்தது காணும், றஜிந்தன் அண்ணை," என்றான். அவன் ஆசையில் என்ன குறை சொல்ல?

பழைய குசினியை அளக்கப் போன அன்று அன்ரி தேத்தண்ணி போட்டார். சீனிப் போத்தலைப் பார்க்காமலே எடுத்தார். கோப்பைக்குள் விரலை விட்டு அளவு பார்த்தார். சலரோகம், அந்தச் சீனி வியாதி, கண்ணைத் தின்றிருந்தது.

"உந்தக் குசினியை உப்பிடியே விடுவம், அன்ரி. புதுசிலை தடுமாறுவியள்."

"வேண்டாமெண்டா ஏனெண்டு கேப்பான். என்ரை கண்ணைப் பற்றிச் சொல்லிப்போடாதை, தம்பி. நான் பழகிடுவன்."

நானும் சொல்லவில்லை. வாய்க்குள் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

தில்லைநாதனின் திவசத்துக்கு முதல்நாள்தான் வேலை முடிந்தது. அன்றே சுபாங்கன் வந்திறங்கினான். அன்ரியின் கல்லுப்பை எறிந்துவிட்டுத் தூளுப்பு வாங்கினான். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெள்ளை ரின்களில் போட்டு உள்ளே அடுக்கி, ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினான். அன்ரி தலையாட்டினார்.

மறுநாள் ஒருவரையும் குசினிக்குள் விடாமல் தானே சமைத்தார். படைக்கிற சோறுகறியை முதலில் ருசி பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. படைத்து, தேவாரம் பாடி, காகத்துக்கு வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட இருந்தோம்.

பருப்பு இனித்தது. வாழைக்காய்க் கறியும் இனித்தது. பாயாசம் உப்புக் கரித்தது.

சுபாங்கன் தலை நிமிரவில்லை.

"எல்லாம் சரியாயிருக்கோ, தம்பி?" என்று அன்ரி மகனைக் கேட்டார்.

"ஓம் அம்மா. நல்லாயிருக்கு." இலையை வழித்துச் சாப்பிட்டான்.

கடைசியாக அன்ரி இருந்தார். ஒரு வாய் வைத்தார். கை இலையிலேயே நின்றுவிட்டது.

"கொப்பருக்கும் இதைத்தானே படைச்சனான்," என்று புருசனை நினைத்து அழுதார்.

"எவ்வளவு நாளா உங்களுக்குக் கண் தெரியேல்லை, அம்மா?" என்று சுபாங்கன் கேட்டான்.

அதன்பிறகு அவர் அடுப்படிக்குப் போகவில்லை. கனடா விசா வரும்வரை கடைச் சாப்பாடுதான். புறப்படுகிற அன்று குசினிக்குள் வந்து, அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். ஒன்றையும் திறக்கவில்லை. வீட்டைப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தார்.

மாதம் ஒருக்கால் போய்த் தூசி தட்டுகிறேன். எல்லாம் புதிதாகவே இருக்கிறது. அன்ரி அங்கே சமைத்தது அந்த ஒரு நாள்தான்.