செட்சுகோ பூரணம் வைக்க மறந்த சனிக்கிழமை

சாவோ பாவ்லோவில் செவ்வாய்க்கு ஒரு தெரு, புதனுக்கு ஒரு தெரு என்று சந்தை இடம் மாறிக்கொண்டே இருக்கும். எந்தத் தெருவில் கூடினாலும் செட்சுகோவின் பாஸ்தெல் கடைக்குப் பக்கத்தில் ஜுராந்திரின் கரும்புச்சாறு கடைதான். பின்னே, எண்ணெயிலிருந்து சுடச்சுட எடுத்த பாஸ்தெலைக் கடித்துவிட்டு வெறும் தண்ணீரா குடிப்பார்கள்? இப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

செட்சுகோவுக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "எண்ணெய் காயுது, அப்புறம் பேசலாம்" என்பாள். மாவில் ஒரு மூடி சாராயம் விட்டுப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, கொத்துக்கறியோ பனங்குருத்தோ வைத்து மடித்து, முள்கரண்டியால் ஓரத்தை அழுத்துவாள். எண்ணெயில் விழுந்ததும் அது தலையணை மாதிரி உப்பும். பேச்சில்தான் கஞ்சம், பூரணத்தில் அவள் கை தாராளம். ஒரு பாஸ்தெல்காரியின் மானத்தை வாங்க வேண்டுமானால், "உள்ளே வெறும் காத்து" என்றால் போதும். செட்சுகோவை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை.

தினமும் பத்து மணிக்கு அவள் ஜுராந்திருக்கு ஒரு கறி பாஸ்தெல் கொடுப்பாள். அவன் எலுமிச்சை பிழிந்து ஒரு டம்ளர் சாறு நீட்டுவான். மனைவியை இழந்தவன்தான், ஆனாலும் பாட்டுக்கும் நக்கலுக்கும் குறைவில்லை. அந்தப் பத்து மணிக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறோம் என்பது செட்சுகோவுக்கே ரொம்ப நாள் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை தெரிந்தது. "சொந்த ஊரு கருவாருவுக்கே போயிடலாம்னு இருக்கேன். அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. சனிக்கிழமை இந்தச் சாறு பிழியற மெஷினை வாங்க ஆள் வருது" என்றான் ஜுராந்திர்.

"நல்லது" என்றாள் செட்சுகோ. எவ்வளவு அறிவுகெட்ட பதில்! அதை நினைத்து நினைத்தே இரண்டு நாள் தன்னைத் திட்டிக்கொண்டாள். சனிக்கிழமைக்குள் வாயைத் திறக்காவிட்டால் அவன் போய்விடுவான். வெள்ளிக்கிழமையும் போயிற்று, வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மெஷின் வாங்க அதால்தோ என்பவர் வந்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். செட்சுகோ ஒரு கண்ணை அவர்மேல் வைத்தபடியே மடித்தாள், பொரித்தாள், பத்து மணிக்கு ஜுராந்திரிடம் நீட்டினாள். அவன் வழக்கம்போல் மூலையைக் கடித்து, ஆவி போகவிட்டு, மிளகாய்ச் சாறு ஊற்றப்போனவன் உள்ளே எட்டிப்பார்த்து அப்படியே நின்றான்.

"என்னங்க இது? உள்ள வெறும் காத்து! போற ஆளுக்கு இது போதும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். முன்னால் நின்ற சுலேய்கா, சந்தையின் வாய் என்று பெயரெடுத்தவள், "கேட்டீங்களா! செட்சுகோ கடையில காத்து விக்கிறாங்களாம்!" என்று கூவினாள்.

செட்சுகோவின் முகம் அடுப்பைவிடச் சிவந்தது. "வேணும்னு பண்ணலை. பூரணம் வைக்க மறந்துட்டேன்."

"நீங்களா? மறந்துட்டீங்களா?"

"நீங்க போறேன்னு சொன்னதிலேர்ந்து எனக்குப் புத்தி எங்க நிக்குது? போகாதீங்க ஜுராந்திர். நீங்க இல்லாம எனக்கு முடியாது."

சிரிப்பு நின்றது. சட்டியில் எண்ணெய் மட்டும் சளசளத்தது. ஜுராந்திர் கடித்த பாஸ்தெலும் கையுமாக நின்றான். சுலேய்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"யோவ், மரம் மாதிரி நிக்கிறியே, எதையாவது சொல்லுய்யா! என் பாஸ்தெல் கருகுது!"

அவன் அதால்தோவின் பக்கம் திரும்பினான். "அண்ணே, மெஷின் விக்கிறதா இல்லை. கோவிச்சுக்காம ஒரு சாறு குடிச்சிட்டுப் போங்க." பிறகு செட்சுகோவிடம், "இதை முந்தியே சொல்லியிருந்தா என்னவாம்?" என்றான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன! "அதை இப்படிக் குடுங்க. கறி வெச்சு வேற போட்டுத் தர்றேன்" என்று கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை. அங்கேயே நின்று அந்த வெறும் பாஸ்தெலை ஓரம்கூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தான்.